பச்சை என்று நினைத்த பெட்டி: பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் ஒரு பெயிண்ட் பாதுகாப்புப் பட்டறை

தூசி துடைக்கும் துணியில் சிவப்பாக ஒரு செதில் ஒட்டியிருந்தது. நகக்கண் அளவுதான். எங்கள் பழைய மரப்பெட்டியின் முகப்பில் வரைந்திருந்த டூலிப் பூவின் இதழ் ஒன்றின் நுனி அது. அன்று மாலையே இந்தப் பட்டறைக்குப் போன் செய்தேன்.

பெட்டி 1803-இல் செய்தது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் குடும்பங்கள் பிள்ளைகள் வளர்ந்ததும் துணிமணி வைத்துக்கொள்ள இப்படிப் பெட்டி செய்து கொடுப்பார்கள். நம் சீர்ப்பெட்டி மாதிரி. டூலிப் பாப்ளர் என்ற மரத்தின் பலகை. உள்ளே இடது ஓரத்தில் சில்லறைச் சாமான் போட ஒரு சிற்றறை. முகப்பில் இரண்டு ஜாடி, ஜாடிக்கு மூன்று டூலிப், நடுவில் ஒரு பெண்ணின் பெயர். பெயரில் பாதி எழுத்து உதிர்ந்து போயிருக்கிறது. 2,600 டாலருக்கு வாங்கினோம். நாங்கள் வாங்கிய பழைய சாமான்களிலேயே விலை கூடியது இதுதான்.

இதற்கு முன்பு ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன். ஒரு பழைய விண்ட்சர் நாற்காலியை, 'அழுக்குப் பச்சையாக இருக்கிறதே' என்று மர வேலைக் கடை ஒன்றில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். அவர்கள் அதை ரசாயனத் தொட்டியில் முக்கி எடுத்து, தேன் நிறத்தில் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். ஆசையாகக் கூடத்தில் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, விண்ட்சர் நாற்காலிக்கு ஆசனம் ஒரு மரம், கால் ஒரு மரம், முதுகுக் குச்சிகள் இன்னொரு மரம் என்று. பைன், மேப்பிள், ஹிக்கரி. ஒவ்வொன்றும் அந்தந்த வேலைக்குத் தோதான மரம். அவற்றை ஒரே உருவமாகக் காட்டத்தான் செய்த அன்றே பெயிண்ட் அடித்தார்கள், பெரும்பாலும் பச்சை. அது போனதும் நாற்காலி மூன்று துண்டாகத் தெரிந்தது. தொட்டியில் ஊறியதில் பழைய வஜ்ஜிரம் கரைந்து கால்களும் ஆட ஆரம்பித்தன. அசல் பெயிண்ட் போனால் போனதுதான், எத்தனை டாலர் கொடுத்தாலும் திரும்பாது.

அதனால் இந்த முறை பழம்பொருள் பாதுகாப்பாளர்களின் சங்கமான அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஃபார் கன்சர்வேஷன் வைத்திருக்கும் பட்டியலில் தேடி, பெயிண்ட் அடித்த மரச்சாமான்களையே முக்கிய வேலையாகச் செய்பவரைப் பிடித்தேன். பட்டறையில் இரண்டே பேர். காத்திருப்போர் வரிசை ஏற்கெனவே நீளம் என்று பெயரைப் போட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார், போடவில்லை.

முதலில் அவர் எதையும் தொடவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த முகப்பு, வெயிலில் காய்ந்த வண்டல் மண் மாதிரி விளிம்பு தூக்கி நின்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைக் காட்டினார். மேலே பூசிய வார்னிஷ் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தது. ஏற்கெனவே பெயிண்ட் உதிர்ந்திருந்த இடத்தின் ஓரத்திலிருந்து, உப்புக்கல் அளவுகூட இல்லாத ஒரு துணுக்கை எடுத்துப் பிசினில் பதித்து, தேய்த்து, நுண்ணோக்கியில் காட்டினார். அடியில் மரம், அதன்மேல் நீலம், வார்னிஷ், மெல்லிய கறுப்புக் கோடாக அழுக்கு, மறுபடி வார்னிஷ். அழுக்குக்கு மேலே இருப்பதெல்லாம் பிற்காலத்தில் யாரோ பூசியது என்றார்.

நீலம் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை நாள் பச்சைப் பெட்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பூட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். வெளிச்சமும் வார்னிஷும் படாத அந்த இடம் சுத்தமான நீலம். பிரஷ்யன் நீலம் என்ற நிறப்பொடியில் வெள்ளை ஈயம் என்ற ஈயப்பொடி கலந்தது. மேலே வார்னிஷ் மஞ்சளாகிப் போனதால் நீலம் பச்சையாகத் தெரிந்திருக்கிறது.

'அப்படியானால் வார்னிஷை எடுத்துவிடலாமே' என்றார் என் கணவர். எனக்கும் அதே ஆசைதான். பட்டறைக்காரர் உடனே மறுக்கவில்லை. பின்பக்க ஓரத்தில் தீக்குச்சி அகலத்துக்கு ஓர் இடத்தைப் பஞ்சால் துடைத்துச் சோதித்தார். மேல் வார்னிஷ் வந்தது, கூடவே பஞ்சில் லேசாகச் சிவப்பும் வந்தது. 'நீலம் கிடைக்கும், ஆனால் டூலிப்பில் பாதி என் பஞ்சோடு வந்துவிடும். முடிவு உங்களுடையது' என்றார். பச்சையாகவே இருக்கட்டும் என்று விட்டோம். அப்படி நேராகச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கே கொடுத்த பணம் தகும்.

நடந்த வேலை இவ்வளவுதான். முதலில் மென்மையான பிரஷால் தூசியைத் தள்ளி வேக்குவம் குழாயில் உறிஞ்சினார்கள். பிறகு பஞ்சுக்குச்சியை நாக்கில் தொட்டு நனைத்து, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகத் துடைத்தார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எச்சிலில் உள்ள நொதி அழுக்கை மெதுவாக எடுக்கும் என்பதால் அருங்காட்சியகங்களிலும் இப்படிச் செய்கிறார்கள். சிவப்புப் பகுதியை மட்டும் இப்படித் துடைக்கவில்லை. தூக்கி நின்ற செதில்களுக்கு அடியில் ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரத்தை வெதுவெதுப்பாக நுண் பிரஷால் விட்டார்கள். ஈரமும் சூடும் பட்டுச் செதில் இளகியதும், நடுவில் ஒட்டாத தாள் வைத்து, சின்னக் கரண்டியால் அழுத்தினார்கள். நான் வெள்ளைத் தாளில் மடித்துக் கொடுத்த செதிலும் திரும்பிப் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. விளிம்போடு விளிம்பு பொருந்துகிறது. குனிந்து தேடினால்தான் தெரியும்.

உதிர்ந்த எழுத்துகளை எழுதித் தரவில்லை. கேட்டுப் பார்த்தேன். என்ன எழுத்து இருந்தது என்று ஊகித்து எழுத மாட்டேன் என்றுவிட்டார். அன்று வருத்தமாக இருந்தது, இப்போது இல்லை.

குறைகளும் உண்டு. மூன்று மாதம் என்றார்கள், ஏழரை மாதம் ஆயிற்று. இடையில் நானாகக் கேட்டால்தான் தகவல் வரும். கூலியாகக் கொடுத்த 1,850 டாலர் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. பெட்டியின் ஒரு காலில் பெயர்ந்திருந்த இடத்தை என்னிடம் கேட்காமலே பழுப்புச் சாயம் தொட்டுக் கண்ணுக்கு உறுத்தாமல் செய்துவிட்டார்கள்; தண்ணீரில் கரைந்துவிடும் என்றாலும் கேட்டிருக்க வேண்டும். எந்த இடத்தில் என்ன பொருள் போட்டார்கள் என்று படங்களோடு 14 பக்க அறிக்கை தந்தார்கள். நாளைக்கு வேறொருவர் இந்த வேலையைக் கலைக்க வேண்டி வந்தால் அதுதான் வழிகாட்டி. ஆனால் ரசாயனப் பெயர்களாகவே இருக்கிறது, எனக்குப் பாதி புரியவில்லை.

வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொன்னதில் முக்கியமானது ஈரப்பதம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது மரம் குறுக்குவாக்கில் சுருங்கும், பெயிண்ட் அதனோடு சேர்ந்து சுருங்காது, செதில் கிளம்பும். 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும் என்றார். எலுமிச்சை எண்ணெய், லின்சீட் எண்ணெய், ஸ்பிரே பாலிஷ் எதுவும் கூடாது. எண்ணெய் பெயிண்டின் விரிசலுக்குள் இறங்கிக் கறுத்துவிடும், பிறகு வஜ்ஜிரமும் பிடிக்காது. உப்புத்தாள் போடவே கூடாது, பெயிண்டில் இருப்பது ஈயம். தொட்டால் கை கழுவ வேண்டும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹீட்டர் முழுவதுமாக ஓடிய ஜனவரியில் அறையின் ஈரப்பதம் 22 சதவீதம் காட்டியது. ஈரப்பதமூட்டி ஒன்று வாங்கி வைத்தேன். வாரம் ஒருமுறை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து முகப்பைப் பார்க்கிறேன். இதுவரை ஒரு விளிம்பும் கிளம்பவில்லை.

இன்னொரு விண்ட்சர் நாற்காலி கிடைத்திருக்கிறது. சாம்பல் நிறத்துக்கு அடியில், கைப்பிடி தேய்ந்த இடத்தில் பச்சை எட்டிப் பார்க்கிறது. அதே பட்டறையில் பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வசந்தத்துக்குத்தான் முறை வருமாம். அதுவரை அதன்மேல் யாரும் உட்கார விடுவதில்லை.