ஏர் ரைஃபிளா, பாயின்ட் டூ டூவா?

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் மச்சான் போன மாதம் கேட்டார்: "மாப்ள, .177 ஏர் ரைஃபிள் வாங்கட்டுமா, .22 லைசென்ஸுக்கு எழுதிப் போடட்டுமா?" (.177, .22 என்பது குழல் துளையின் அகலம், அங்குலத்தில். முன்னது காற்றழுத்தத்தில் சுடுவது, பின்னது வெடிமருந்தில் சுடுவது.)

பன்றியையும் குரங்கையும் மனதில் வைத்துக் கேட்டால் இரண்டுமே வேண்டாம் என்றேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அப்புறம், இந்தச் சின்னக் குண்டு பட்ட பன்றி புண்ணோடு புதருக்குள் ஓடி நாள்கணக்கில் துடித்துச் சாகும். அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அட்டைக் குறியைச் சுட என்றால் பேசலாம்.

.22-ன் ஈயக்குண்டு சுமார் 2.6 கிராம், வேகம் நொடிக்கு 330 மீட்டர். குறி தவறினால் இரண்டு கிலோமீட்டர்கூடப் போகும். ஆட்கள் மிளகு பறிக்கிற சரிவில் அந்தப் பயம் எப்போதும் இருக்கும். ஏர் ரைஃபிளின் பெல்லட் என்ற ஈயச் சிறுகுண்டு அரை கிராம்தான். குழல் .177-க்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாவிட்டால், 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸும் வேண்டாம்.

ஆனால் எனக்குப் பெரிய வித்தியாசம் குண்டைத் தேர்ந்து தயார் செய்யும் கைவேலையில்தான். அமெரிக்காவில் வளை தோண்டும் பிராணிகளைச் சுடுகிறவர்கள் .223 என்ற வேகமான தோட்டாவின் காலிக் கூட்டில் புது ப்ரைமர் (தீப்பற்ற வைக்கும் சிறு மூடி) பொருத்தி, வெடிமருந்தை எடை பார்த்துப் போட்டு, தங்கள் குழலுக்கு ஒத்துவருவதைத் தேடுவார்கள். நம் .22 ரிம்ஃபயர் வகைத் தோட்டா; அதில் அதற்கு இடமில்லை. தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும், கூடு குப்பைக்குப் போகும். நாலு வகைப் பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பெல்லட்டில் தேடலாம். தலை அளவே 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தனித்தனியாகக் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைத் துணியில் கொட்டி, பின்விளிம்பு நசுங்கியதை நகத்தால் தடவிக் கண்டுபிடித்து ஒதுக்குவேன். மற்றதை, சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் இருப்பது மாதிரியான சின்னத் தராசில் வைத்துப் பிரிப்பேன். 10 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ.; அங்கே இந்தப் பொறுமை பலன் தரும்.

.22-ல் 50 மீட்டருக்குக் காற்றைப் படிக்கக் கற்பது தனிச் சுகம். அதை ரைஃபிள் கிளப்பில் கற்கலாம்.

மச்சான் .177 வாங்கிவிட்டார். காப்பிக் கிடங்குச் சுவரோரம் களிமண் அடைத்த பெட்டியில் குறி ஒட்டியிருக்கிறார். சுட்டு முடித்ததும் ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.