எக்கோ டாட், நெஸ்ட் மினி, ஹோம்பாட் மினி: தமிழ் பேசும் வீட்டுக்கு எது ஒத்துவரும்?

கடையில் கேட்கும் முதல் கேள்வி "சவுண்டு எப்படி இருக்கும்?" என்பதுதான். வீட்டுக்கு வந்த பிறகு வரும் முதல் கேள்வி வேறு: "இதுக்குத் தமிழ் தெரியாதா?" தெரியாது. அமேசானின் எக்கோ டாட், கூகுளின் நெஸ்ட் மினி, ஆப்பிளின் ஹோம்பாட் மினி ஆகிய இந்த மூன்று ஸ்பீக்கர்களில் எதுவும் தமிழில் கட்டளை வாங்கித் தமிழில் பதில் சொல்லாது. எக்கோவின் குரல் உதவியாளரான அலெக்ஸா இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும் பேசும். இந்தி 2019 செப்டம்பரில் வந்தது. நெஸ்ட்டின் குரல் உதவியாளரான கூகுள் அசிஸ்டன்ட் போனில் தமிழ் பேசும். ஆனால் நெஸ்ட் ஸ்பீக்கரில் மொழிப் பட்டியலைத் திறந்தால் அங்கே தமிழ் இல்லை. போனில் பேசிப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரிலும் அப்படியே வரும் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறைய. அதனால் யார் வீட்டில் அதிகம் பேசப்போகிறார்கள், அவர்களுக்கு எவ்வளவு ஆங்கிலம் வாயில் வரும் என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

முடிவை இப்போதே சொல்லிவிடலாம். பெரியவர்கள் இருக்கிற, லைட்டையும் ஏசியையும் குரலால் இயக்க நினைக்கிற வீட்டுக்கு எக்கோ டாட். கேள்வி கேட்பதும் யூடியூப் மியூசிக் கேட்பதும்தான் முக்கியம் என்றால் நெஸ்ட் மினி. வீட்டில் எல்லார் கையிலும் ஐபோன் இருந்து, ஆப்பிள் மியூசிக் சந்தாவும் இருந்தால் மட்டும் ஹோம்பாட் மினி. ஆண்ட்ராய்டு போனை வைத்து ஹோம்பாடை அமைக்கவே முடியாது. இதற்குச் சுற்றுவழி எதுவும் கிடையாது.

கூப்பிடும் பெயர்

"அலெக்ஸா" என்பது தமிழ் நாக்குக்கு எளிதாக வருகிற சொல். "ஓகே கூகுள்", "ஹே கூகுள்" இரண்டும் இரண்டு சொற்கள். நடுவில் கொஞ்சம் இழுத்தாலோ, மூச்சு விட்டாலோ நெஸ்ட் மினி விழிக்காது. எக்கோவில் அலெக்ஸா என்ற பெயரை "எக்கோ", "அமேசான்", "கம்ப்யூட்டர்" என்று மாற்றிக்கொள்ளலாம். டிவி விளம்பரத்தில் பெயர் வரும்போதெல்லாம் ஸ்பீக்கர் எழுந்துகொள்ளும் வீட்டில் இது பெரிய நிம்மதி. கூகுளில் பெயரை மாற்ற முடியாது. எவ்வளவு நுணுக்கமாகக் காது கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் கூகுள் ஹோம் ஆப்பில் கூட்டலாம், குறைக்கலாம்.

கட்டளைக்குத் தமிழ்ச் சொல் வைக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் மொழியை "இங்கிலீஷ் (இந்தியா)" என்று வையுங்கள். பாட்டியை "அலெக்ஸா, விளக்கு போடு" என்று அவர் வழக்கமாகப் பேசுகிறபடியே நாலைந்து முறை சொல்லச் சொல்லுங்கள். பிறகு அலெக்ஸா ஆப்பில் குரல் வரலாற்றைத் திறந்தால், அது என்ன கேட்டதாக எழுதி வைத்திருக்கிறது என்று தெரியும். ஏதோ ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து எழுதியிருக்கும். அந்த எழுத்தை அப்படியே எடுத்து ஒரு ரொட்டீனின் (இன்னது நடந்தால் இந்த வேலையைச் செய் என்று ஆப்பில் முன்பே வைக்கும் ஏற்பாடு) தொடக்கச் சொல்லாகத் தட்டி, செயலாக ஹால் லைட்டை ஆன் செய்ய வையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக எழுதியிருந்தால், எல்லாவற்றையும் அதே ரொட்டீனில் சேர்க்கலாம். நாம் சரியென்று நினைக்கும் எழுத்துக்கூட்டலைத் தட்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது. இயந்திரத்தின் காதில் விழுந்ததைத் தட்டினால்தான் பொருந்தும். கூகுள் ஹோமின் ரொட்டீனிலும் இதைச் செய்யலாம்.

பதில் வேகமாக வருகிறது, புரியவில்லை என்று பெரியவர்கள் சொன்னால் "அலெக்ஸா, ஸ்பீக் ஸ்லோவர்" என்றால் நிதானமாகப் பேசும். கேள்விக்குப் பதில் சொல்வதில் கூகுள் இன்னமும் ஒரு படி மேல். ஆனால் நெஸ்ட் மினி 2019இல் வந்த கருவி; 2025 அக்டோபரில் கூகுள் புதிய ஹோம் ஸ்பீக்கரை அறிவித்துவிட்டது. இன்றைக்கு நெஸ்ட் மினிக்கு முழு விலை கொடுக்க வேண்டாம், தள்ளுபடியில் கிடைத்தால் பார்க்கலாம்.

அமைக்கும்போது எங்கே மாட்டிக்கொள்ளும்

எக்கோ டாட்டில் பிளக் மாட்டியதும் வளையம் நீலமாகி, பிறகு ஆரஞ்சாகச் சுழலும். ஆரஞ்சு வந்தால்தான் அது இணையத் தயார். வராவிட்டால் மேலே புள்ளி போட்ட ஆக்‌ஷன் பட்டனை ஆரஞ்சு தெரியும்வரை அழுத்திப் பிடிக்கவும். அலெக்ஸா ஆப்பில் டிவைசஸ் பகுதிக்குப் போய், கூட்டல் குறியைத் தொட்டு, எக்கோவைத் தேர்ந்தெடுத்து வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தால் முடிந்தது. நெஸ்ட் மினிக்கு இதே வேலையை கூகுள் ஹோம் ஆப் செய்யும். ஹோம்பாட் மினிக்கு ஐபோனை அருகில் கொண்டுபோனாலே திரையில் அட்டை எழும். போனிலிருக்கும் வைஃபை விவரத்தை அதுவே எடுத்துக்கொள்ளும், பாஸ்வேர்டு தட்டும் வேலையே இல்லை. ஆப்பிள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு மட்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அமைப்பதில் மூன்றில் இதுவே சுலபம்.

போன் ஸ்பீக்கரைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் பழியை ஸ்பீக்கர்மேல் போடாமல் முதலில் போனைப் பாருங்கள். புளூடூத், லொகேஷன் இரண்டும் ஆனில் இருக்கிறதா, ஆப்புக்கு அருகிலுள்ள கருவிகளைத் தேடும் அனுமதி கொடுத்தீர்களா, விபிஎன் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று சரிபார்க்கவும். ஆண்ட்ராய்டில் இன்னொன்று: ஸ்பீக்கரின் தற்காலிக வைஃபையில் இணைய வசதி இல்லை என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அமைத்து முடிக்கும்வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள்.

அடுத்த சிக்கல் ரவுட்டரில். இப்போது ஃபைபர் இணைப்போடு வரும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளையும் தருகின்றன. எக்கோ டாட்டும் நெஸ்ட் மினியும் இரண்டிலும் இணையும். ஆனால் நாம் வாங்கும் மலிவு விலை ஸ்மார்ட் பல்பும் பிளக்கும் 2.4இல் மட்டுமே இணையும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், பல்பை அமைக்கும் நேரத்தில் மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸை ரவுட்டரில் அணைத்துவிட்டு, இணைந்ததும் திரும்பப் போடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பல்புகள் உள்ளேயே வராது. டபிள்யூபிஏ2 சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றவும்.

நெஸ்ட் மினியை விருந்தாளிகளுக்கென ரவுட்டரில் தனியாக வைக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் போடவே கூடாது. கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் ஏபி ஐசோலேஷன் ஆனாகியிருக்கும் ரவுட்டரிலும் ஒரு கருவிக்கு இன்னொன்று தெரியாது. ஸ்பீக்கர் கேட்டதற்குப் பதில் சொல்லும், ஆனால் போனிலிருந்து பாட்டை அதற்கு அனுப்ப (காஸ்ட் செய்ய) முயன்றால் பட்டியலில் அதன் பெயரே வராது. ஐபோனிலிருந்து ஹோம்பாடுக்குப் பாட்டு அனுப்பும் ஏர்பிளேவுக்கும் இதே கதி. எக்கோ பெரும்பாலும் கிளவுட் (இணையத்திலுள்ள அமேசான் சர்வர்கள்) வழியாக ஓடுவதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாங்கும். உலாவியில் உள்நுழைவுப் பக்கம் கேட்கும் ஹாஸ்டல் வைஃபைக்கு மூன்றுமே ஒத்துவராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த எக்கோவுக்கு இரண்டு வேலை. அவருடைய அமேசான் கணக்கிலிருந்து அதை நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால் உங்கள் ஆப்பில் பதிவாகாது. பிறகு உங்கள் கணக்கின் நாடு இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். அடாப்டரின் இன்புட் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் பின் மாற்றி ஒன்று போதும்.

வைக்கும் இடம்: சுவரிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி. மூலையில் ஒட்டவைத்தால் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, மைக்குக்குக் குரல் குழம்பும். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். சமையலறையில் வைப்பதானால் மிக்ஸியும் அடுப்பும் இல்லாத பக்கம்.

கரண்ட் போனால்

மூன்றிலும் பேட்டரி கிடையாது. வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் அலாரத்துக்கு இவற்றை மட்டும் நம்பக் கூடாது. இணையம் மட்டும் போய்க் கரண்ட் இருந்தால் எக்கோவில் முன்பே வைத்த அலாரம் அடிக்கும். கரண்டே போனால் ஒன்றும் இல்லை. கரண்ட் திரும்பியதும் ஸ்பீக்கர் சீக்கிரம் எழுந்துவிடும்; ஃபைபர் மோடமும் ரவுட்டரும் எழச் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் இணைப்பு இல்லை என்று அது புலம்பினால் பிளக்கைப் பிடுங்காமல் காத்திருங்கள், தானே இணைந்துவிடும். ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

அடாப்டரை மாற்றிப் போடாதீர்கள். எக்கோ டாட்டின் 15 வாட் அடாப்டர் 12 வோல்ட் தரும். நெஸ்ட் மினியின் 15 வாட் அடாப்டர் 14 வோல்ட் தரும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஹோம்பாட் மினியின் யூஎஸ்பி-சி முனையைப் பழைய போன் சார்ஜரில் செருகினால் மேலே ஆரஞ்சு விளக்கு மினுக்கும். கோளாறு இல்லை, வாட் போதவில்லை என்று அர்த்தம். பெட்டியில் வந்த 20 வாட் அடாப்டரையே போடவும். அந்த வயர் ஸ்பீக்கரோடு சேர்ந்தே வருவது, கழற்ற முடியாது. எலி கடித்தால் வயரை மட்டும் மாற்ற வழியில்லை.

பாட்டு

சுத்தமான ஒலி ஹோம்பாட் மினியில். அடுத்து ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட். நெஸ்ட் மினி ஒரு படுக்கையறைக்குப் போதும். ஆனால் ஹோம்பாடிடம் ஸ்பாட்டிஃபையில் இந்தப் பாட்டைப் போடு என்று வாயால் சொல்ல முடியாது. ஐபோனிலிருந்து ஏர்பிளேயில் அனுப்ப வேண்டும். நெஸ்ட் மினியில் யூடியூப் மியூசிக்கின் இலவசக் கணக்கு வைத்திருந்தால், கேட்ட பாட்டு வராமல் அதைப் போன்ற வேறு பாட்டுகளின் வரிசை ஓடும். சந்தா கட்டினால்தான் கேட்டது கிடைக்கும்.

தமிழ்ப் பாட்டின் முதல் அடியைச் சொல்லிக் கேட்பது எல்லாவற்றிலும் தடுமாறும். பிடித்த பாட்டுகளை ஒரு பிளேலிஸ்ட்டில் போட்டு அதற்கு "மார்னிங்", "டாடி" என்பதுபோல் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பெயராக வைத்தால் தவறாமல் வரும். பழைய ஹோம் தியேட்டரோடு வயரில் இணைக்க நினைப்பவர்கள் கவனிக்க: 3.5 மில்லிமீட்டர் துளை நான்காம் தலைமுறை எக்கோ டாட்டோடு போய்விட்டது. ஐந்தாவதில் புளூடூத் மட்டுமே. நெஸ்ட் மினி, ஹோம்பாட் மினி இரண்டிலும் அந்தத் துளை இருந்ததே இல்லை.

லைட், ஃபேன், ஏசி

எக்கோ டாட்டைப் பரிந்துரைக்க முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்தியக் கடைகளில் கிடைக்கும் ஸ்மார்ட் பல்பும் பிளக்கும் ஏறக்குறைய எல்லாமே அலெக்ஸாவோடு இணையும், பெரும்பாலானவை கூகுளோடும் இணையும். ஆப்பிள் ஹோமுக்கு இன்னமும் தேர்வு குறைவு. வாங்கும்போது பெட்டியில் மேட்டர் (பல நிறுவனங்களுக்கும் பொதுவான இணைப்பு முறை) முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட்டில் வெப்பநிலை உணரி இருக்கிறது. அறை 30 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் ஓடட்டும் என்று ரொட்டீன் போடலாம். ஹோம்பாட் மினியில் வெப்பநிலையோடு ஈரப்பதமும் அளக்கும். நெஸ்ட் மினியில் இரண்டும் இல்லை.

"டிவைஸ் பதிலளிக்கவில்லை" என்று ஸ்பீக்கர் சொன்னால் பத்துக்கு எட்டு முறை யாரோ சுவர் ஸ்விட்சை அணைத்திருப்பார்கள். ஸ்மார்ட் பல்புக்கு ஸ்விட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் இது நடக்கிற காரியமில்லை. அங்கே பல்பை விட, ஸ்விட்ச் போர்டுக்குள் வைக்கும் மாட்யூல் நல்லது. சுவர் ஸ்விட்சும் வேலை செய்யும், குரலும் வேலை செய்யும். பெரும்பாலான மாட்யூலுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். போர்டைத் திறந்து எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகே வாங்குங்கள்.

கீசருக்கு 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் போடவே கூடாது. 3000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். பிளக் சூடாகி உருகும். 16 ஆம்பியர் பிளக்தான் சரி. ஏசிக்கு, ரிமோட்போலவே சிக்னல் அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் போதும், ஆனால் அது ஒருவழிப் பாதை. யாராவது ரிமோட்டில் அணைத்திருந்தால் ஸ்பீக்கருக்குத் தெரியாது, ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

பெயர் வைக்கும்போது "ஹால் லைட்", "ஹால் டியூப்லைட்" என்று ஒட்டி ஒட்டி வைத்தால் எதை என்று திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கும். "ஹால் லைட்", "சாமி ரூம்", "போர்டிகோ" என்று ஒலி விலகியிருக்கட்டும்.

மைக்கும் பதிவும்

எக்கோவில் மைக் பட்டனை அழுத்தினால் வளையம் சிவப்பாகும். நெஸ்ட் மினியில் பக்கவாட்டில் தள்ளு ஸ்விட்ச், ஆரஞ்சு விளக்கு. ஹோம்பாட் மினியில் மைக்குக்குத் தனி பட்டன் இல்லை. குரலுக்கு விழிப்பதை ஹோம் ஆப்பில்தான் நிறுத்த வேண்டும், வாயாலும் சொல்லலாம். பதிவுகளைச் சேமிப்பதில் எக்கோவை நீங்களாகவே கட்டுப்படுத்த வேண்டும்: அலெக்ஸா பிரைவசி பகுதியில் பதிவைச் சேமிக்காதே என்று மாற்றுங்கள். அப்படி மாற்றினால் மேலே சொன்ன குரல் வரலாற்றிலிருக்கும் பழைய பதிவுகளும் அழிந்துவிடும். ரொட்டீன் வேலையை முடித்துக்கொண்டு மாற்றவும்.

எக்கோவின் டிராப் இன் வசதி பெரியவர்களைக் கவனிக்க மிக உதவும். அனுமதி பெற்றவர் கூப்பிட்டதும் அழைப்பை எடுக்காமலே ஸ்பீக்கர் திறந்துகொள்ளும் என்பதால், அனுமதியை வீட்டு ஆட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், படுக்கையறை ஸ்பீக்கரில் அணைத்தே வையுங்கள்.

ஸ்பீக்கரை வேறு யாருக்காவது கொடுக்கும்போது முழுதாக அழித்துக் கொடுக்கவும். எக்கோ டாட்டில் ஆக்‌ஷன் பட்டனை 20 முதல் 25 விநாடி அழுத்தி, ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்து நீக்க (டீரெஜிஸ்டர் செய்ய) வேண்டும். நெஸ்ட் மினியில் மைக்கை அணைத்துவிட்டு மேலே நடுவில் 15 விநாடி அழுத்தவும். ஹோம்பாட் மினியில் பிளக்கைப் பிடுங்கி 10 விநாடி கழித்துச் செருகி, இன்னும் 10 விநாடி பொறுத்து மேலே விரலை வைத்துப் பிடித்தால் வெள்ளை விளக்கு சிவப்பாகும். மூன்று பீப் கேட்ட பிறகே விரலை எடுக்கவும்.