ஆயா காலா, பாட்டி சேரா, நேரே கக்கூஸா?

வடசென்னையில் பாட்டியை ஆயா என்று கூப்பிடுவதில் ஒரு வசதி: 'பாட்டி' (potty) என்றால் குழந்தை ஆய் போக உட்காரும் பிளாஸ்டிக் சேர்தான் என்று குழப்பமில்லாமல் பேசலாம். பையனுக்கு ஆய், மூச்சா பழக்குவதில் வீட்டுக்கு வீடு நடக்கும் வாக்குவாதமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். கூடவே இந்தியன் டாய்லெட் இருக்கிறது. யாரும் ஒரு வழி என்றே கணக்கில் எடுக்காத வாசல் கால்வாயும் இருக்கிறது.

எதைப் பிடித்தாலும் முதலில் பையன் தயாரா என்று பாருங்கள். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். பையன்கள் கொஞ்சம் பிந்துவது சகஜம். ஜட்டி இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கிறதா? பீரோ சந்தில் ஒளிந்து நின்று முக்குகிறானா? "செருப்பை எடுத்து ஓரமா வை" என்றால் இரண்டையும் செய்கிறானா? ஜட்டியைத் தானே இறக்குகிறானா? இதில் குறைந்தது மூன்று இருந்தால் தொடங்கலாம். ஜூனில் ஸ்கூல் என்ற அவசரம் மட்டும் இருந்தால் பொறுங்கள். தம்பி, தங்கை பிறந்த மாதமும் வீடு மாறும் மாதமும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாளுக்கு எட்டு ஜட்டி காயாது, கோடைதான் தோது.

ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் குழந்தையை வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பார். செலவே இல்லை, கைக்குழந்தையிலேயே துணி மிச்சம். ஆனால் குழந்தையின் முகத்தைப் பார்த்து நேரம் கணிப்பது ஆயா. அவர் ஊருக்குப் போனால் பழக்கமும் கூடவே போய்விடும். இரண்டு வயதில் பையன் பதினோரு, பன்னிரண்டு கிலோ இருப்பான், ஆயா முட்டி தாங்காது. அந்தச் சத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், சேரிலும் அது வேலை செய்யும்.

லைன் வீட்டில் பொதுக் கக்கூஸ் என்றால் நம் ஓட்டு பாட்டி சேருக்கு. அவசரத்துக்கு இரண்டடியில் இருக்கும். பாதம் தரையில் பதிந்து, முட்டி இடுப்பைவிடச் சற்று மேலே இருந்தால் முக்குவது சுலபம். அடி அகலமான சேராகப் பார்த்து வாங்குங்கள். பாட்டுப் பாடும் சேர் காசுக்குக் கேடு. முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பு ஏறி இறங்கும்போது பையனுக்கு இடிக்கும். ஒரு தடவை வலித்தால் சேர் பக்கமே வரமாட்டான், கழற்றிவிடுங்கள். மூச்சா முன்னால் பீச்சாமல் இருக்க, லேசாகக் குனிந்து கையால் குஞ்சியைக் கீழே அழுத்திக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஆய் ஒட்டாது. அதைக் கக்கூஸில்தான் கொட்ட வேண்டும், குழந்தை ஆய்தானே என்று கால்வாயில் அல்ல.

சேரோடு நின்றுவிடுவதுதான் இதில் வழக்கமான கோளாறு. இரண்டு, மூன்று வாரத்தில் சேரைக் கக்கூஸ் வாசலுக்கும், பிறகு உள்ளேயும் நகர்த்துங்கள்.

நேராக இந்தியன் டாய்லெட் என்றால், குத்தவைப்பது ஆய் இறங்க அருமையான நிலைதான். ஆனால் கால் வைக்கும் இடம் பெரியவர் அளவு. பையனுக்குத் தொடை விரிந்து நடுங்கும், குழியைப் பார்த்துப் பயம் வேறு. தரையைத் துடைத்து, பின்னாலிருந்து அக்குளில் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். அவன் வெளியே வந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். மெட்ரோ வாட்டர் பிடித்து வைத்த டிரம்மும் பக்கெட்டும் பக்கத்தில் இருந்தால் அவனைத் தனியாக விடவே கூடாது. ஃபிளாட்டில் வெஸ்டர்ன் என்றால் மேலே ஒரு சின்ன சீட், காலுக்கு ஒரு ஸ்டூல். கால் தொங்கினால் முக்க வராது.

வாசல் கால்வாயில் நிற்க வைப்பது வேகமாகப் பழகும். பிறகு ஸ்கூலிலும் சுவரைத் தேடுவான், ஆய் மட்டும் ஜட்டியிலேயே நிற்கும். முதலில் இரண்டுக்கும் உட்காரட்டும். நின்று போவதை மூன்று வயதுக்கு மேல் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்.

மூன்று நாள் டயப்பரே இல்லாமல் விடும் முறைக்கு, நாள் முழுக்க அவனையே கவனிக்க ஒருவர் வேண்டும். விடியற்காலையில் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போகிற வீட்டில் அது நடக்காது. எழுந்ததும், சாப்பிட்டு இருபது நிமிஷத்தில், தூங்கும் முன், வெளியே கிளம்பும் முன் என்று நேரம் வைத்து உட்கார வையுங்கள். ஐந்து நிமிஷம் போதும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் ஒரு சைஸ் பெரிய காட்டன் ஜட்டி பத்து வாங்கினால் சமாளிக்கலாம்.

எந்த வழியையும் கெடுப்பது மலச்சிக்கல். ஒரு நாள் கெட்டியாகப் போய் வலித்தால், மறுநாள் குதிகாலை இறுக்கி அடக்குவான். அடக்க அடக்க இன்னும் கெட்டியாகும். கடைசியில் இளகினது மட்டும் கசிந்து ஜட்டியில் படும். வேண்டுமென்றே செய்கிறான் என்று அடி விழும். அப்போது பழக்குவதை நிறுத்தி, பாலைக் குறைத்து, தண்ணீர், கொய்யா, பப்பாளி, கீரை கொடுங்கள். இளகவில்லை, ரத்தம் தெரிகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சா போகும்போது அழுதாலும் அப்படியே. முன்தோலை வீட்டில் இழுத்துப் பார்க்கக் கூடாது.

ராத்திரி நனைவது தனிக் கதை. ஐந்து வயது வரை அது குறையே இல்லை. ரப்பர் ஷீட் விரித்துவிட்டுத் தூங்குங்கள்.