கியர் ஒயில்: கீழிருந்து ஏற்றுவதா, மேலிருந்து ஊற்றுவதா?

வடகீழ்ப் பருவக்காற்றின் முதல் மழை விழுந்ததும் மட்டக்களப்பின் கல்லடியிலும் நாவலடியிலும் படகுகளைக் கரையேற்றத் தொடங்குவார்கள். இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் அதை நல்ல தண்ணீரில் கழுவுவார்கள், ஸ்பார்க் பிளக்கைத் துடைப்பார்கள், எரிபொருளை வடித்தெடுப்பார்கள்; ஆனால் ஆண்டு முழுவதும் தண்ணீருக்குள் கிடந்து உழைத்த கியர் பெட்டியைத் தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். குளிர்நாட்டுக் கையேடுகள் பனிக்காலத்துக்கு முன்பே ஒயிலை மாற்றச் சொல்வதற்கு ஒரு காரணம், உள்ளே புகுந்த நீர் உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும் என்பது. இங்கே நீர் உறையாது என்றாலும், உப்புநீர் கலந்த ஒயிலில் இரண்டு மூன்று மாதம் அசையாமல் கிடக்கும் பற்சக்கரங்களும் பெயாரிங்குகளும் துருப்பிடிக்கும். ஆகவே மாரிக்கு முன்னா பின்னா என்ற கேள்விக்கு முன்னரே என்பதுதான் என் விடை. எப்படி மாற்றுவது என்பதில்தான் உண்மையான போட்டி இருக்கிறது.

இயந்திரம் படகினுள்ளும் புரொப்பலர் பகுதி பின்பலகைக்கு வெளியேயும் இருக்கும் ஸ்டேர்ன்டிரைவ் நம் கரையில் அரிது; இங்கு பெரும்பாலும் பின்பலகையில் முழுதாக வெளியே மாட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களே ஓடுகின்றன. ஆனால் நீருக்குள் இருக்கும் கியர் பெட்டியின் தத்துவம் பெரும்பாலும் ஒன்றே: அடியில் ஒயிலை வடிப்பதற்கு ஒரு திருகாணி, மேலே காற்று வெளியேறவும் மட்டத்தைப் பார்க்கவும் இன்னொரு திருகாணி. அளவுதான் வேறுபடும். 15 குதிரைவலு யமஹாவுக்குக் கால் லீற்றர் போதும். மேர்குரூசர் அல்பா வன் ஸ்டேர்ன்டிரைவின் இரண்டாம் தலைமுறைக்கு ஏறக்குறைய 1.9 லீற்றர் வேண்டும்.

மேலிருந்து ஊற்றும் முறைக்குக் கைப்பம்பு தேவையில்லை, கீழ்த்திருகாணியை இறுக்கிய பிறகே ஒயில் உள்ளே போவதால் கையும் மணலும் அழுக்காவதில்லை, உதவிக்கு ஆளில்லாமல் ஒருவரே செய்துவிடலாம். அதன் குறை, காற்றும் ஒயிலும் ஒரே சிறு துளையால் எதிரெதிராகச் செல்ல வேண்டியிருப்பதே. தடித்த ஒயில் துளையை அடைத்துக்கொள்ளும்போது பற்சக்கரங்களைச் சுற்றி அகப்பட்ட காற்று வெளியே வர வழியில்லை. துளையில் ஒயில் வழிவதைக் கண்டு நிறைந்துவிட்டது என்று மூடிவிடுகிறோம். நானும் ஒருமுறை 40 குதிரைவலு இயந்திரம் ஒன்றுக்கு இப்படி ஊற்றி, வழிந்ததும் மூடினேன். மறுநாள் காலை ஐயம் வந்து திறந்து பார்த்தபோது மட்டம் இறங்கியிருந்தது. ஒரு தேநீர்க் கோப்பை அளவு ஒயில் மேலும் உள்ளே போயிற்று. அரை லீற்றருக்கும் குறைவாகவே பிடிக்கும் பெட்டியில் ஒரு கோப்பை என்பது சிறிய குறைவல்ல. அந்த நிலையில் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

கீழிருந்து ஏற்றும் முறையில் கைப்பம்பின் முனையைக் கீழ்த்துளையில் திருகிப் பூட்டி, மேல்துளையைத் திறந்து வைத்து, மெதுவாக அழுத்த வேண்டும். ஒயில் அடியிலிருந்து உயர்ந்து காற்றைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. மேல்துளையில் முதலில் குமிழிகளோடு வந்து, பின்பு குமிழியின்றி வழியும்போது பெட்டி நிறைந்துவிட்டது என்று நம்பலாம். உடனே மேல்திருகாணியை இறுக்க வேண்டும். மேலே காற்றுப் புக வழியில்லாதபோது கீழே பம்பைக் கழற்றினாலும் ஒயில் கொட்டென்று ஊற்றாது, சிறிது கசிவதற்குள் கீழ்த்திருகாணியைப் போட்டுவிடலாம். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் இம்முறை அழுக்கானது என்று குறை சொல்கிறார்கள். இதன் மெய்யான குறை கருவிதான்: துளையின் புரிக்குப் பொருந்தும் முனை வேண்டும், பொருந்தாத குழாயைத் துளையில் அழுத்திப் பிடித்து ஏற்ற முயன்றால் பாதி ஒயில் மணலுக்குப் போகும். படகினுள் ஒயில் போத்தல் பொருத்தப்பட்ட ஸ்டேர்ன்டிரைவுகளில் காற்றுத் திருகாணியை மூடிய பின்னரும் பம்பை அழுத்தி, ஒயில் குழாய் வழியே போத்தலுக்கு ஏறும் வரை நிரப்ப வேண்டியிருப்பதால், அங்கே மேலிருந்து ஊற்றுவதை நான் ஒரு தெரிவாகவே கொள்ளமாட்டேன்.

பம்பு இல்லாதவர் மேலிருந்துதான் ஊற்ற வேண்டுமென்றால், வடித்த ஒயிலையும் ஊற்றிய ஒயிலையும் அளந்து கையேட்டு அளவோடு ஒப்பிட்டு, இயந்திரத்தை நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுப் புரொப்பலரைக் கையால் சுழற்றி, அரை மணி நேரம் காத்திருந்து மீண்டும் ஊற்றட்டும்.

மூன்றாவதாக, படகு நீரில் கிடக்கும்போதே மேல்துளையால் குழாயிட்டு ஒயிலை உறிஞ்சி எடுப்பதும் உண்டு. படகைக் கரையேற்றும் செலவு மிச்சமாகும். ஆனால் நீர் ஒயிலைவிடக் கனமானது. இரவு முழுவதும் அசையாமல் நின்ற பெட்டியில் அது அடியில் தேங்கும், உலோகத் தூளும் அங்கேதான் படியும். கீழ்த்திருகாணியைத் திறந்தால் முதலில் வருவது நீரா, பால்போல் வெளுத்த ஒயிலா என்று கண்ணால் காணலாம். காந்தம் உள்ள திருகாணியாயின் அதில் ஒட்டியிருப்பது மாவுபோன்ற தூளா, பல்லின் உடைசலா என்று விரலால் அறியலாம். உறிஞ்சுபவர் இந்தச் செய்தியை இழக்கிறார். தங்கூசி நூல் புரொப்பலர் தண்டில் சுற்றி, பெட்டிக்குள் நீர் புகாமல் தடுக்கும் ஒயில் சீலை அறுப்பது நம் வாவியில் அடிக்கடி நேர்வதால், இந்த இழப்பை நான் பெரிதாகவே கருதுகிறேன்.

ஒயிலின் வகையைப் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. யமஹாவின் வெளியிணைப்பு இயந்திரக் கையேடுகள் பலவற்றில் காண்பது எஸ்.ஏ.ஈ. 90 என்ற தடிப்பு எண்ணுள்ள ஹைப்போயிட் கியர் ஒயில். ஸ்டேர்ன்டிரைவ் வைத்திருப்பவர் அதன் தயாரிப்பாளர் சொன்ன கடல்சார் ஒயிலை விட்டு விலகக்கூடாது. லொறிக்கு விற்கும் ஒயிலுக்கும் கடல்சார் ஒயிலுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, சிறிது நீர் கலந்த பின்னும் உலோகத்தைத் துருவிலிருந்து காக்கும் கூட்டுப்பொருள்களே. கசிவை நிறுத்துவதற்காக 140 ஒயிலை ஊற்றுவது மட்டும் தவறு: கசியும் சீல் கசிந்துகொண்டே இருக்கும், தடித்த ஒயில் பெயாரிங்குகளுக்குள் போகத் தயங்கும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டியவர் ஒயிலின் பெயரில் பிடிக்கட்டும், திருகாணி வோசரில் பிடிக்க வேண்டாம்; நசுங்கிய பழைய வோசரின் வழியே நீர் புகுந்தால் எந்த விலையுயர்ந்த ஒயிலும் வெளுக்கும்.

வடித்த ஒயிலைத் தகரப் போத்தலில் சேர்த்துப் பழைய ஒயில் எடுப்பவரிடம் கொடுப்பது, எந்த முறையைத் தேர்ந்தாலும் தவிர்க்க முடியாத வேலை. முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருக்கும் மாதங்களில் வாவியில் ஊற்றிய ஒயில் கடலுக்குப் போக வழியில்லை. நாம் வலை வீசும் இறால் இருக்கும் நீரிலேயே அது தங்கும். மாரி முடிந்து படகை இறக்கிய பின் முதல் ஓட்டம் ஓடித் திரும்பியதும், இயந்திரம் ஆறிய பிறகு மேல்திருகாணியை ஒருமுறை திறந்து மட்டத்தைப் பாருங்கள். ஒயில் துளையின் விளிம்பில் நின்று, நிறமும் வெளுக்காமல் இருந்தால், அடுத்த மாற்றம் 100 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகோ அடுத்த மாரிக்கு முன்னரோ, எது முதலில் வருகிறதோ அப்போதுதான்.