இந்தச் சின்ன டென்ஸ் கருவியில் எனக்குப் பிடித்தது துடிப்பின் அகலம்

தோள்பட்டை வலிக்கும் மெலிந்துபோன தொடைத் தசைக்கும் ஒரே கருவியாக வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு வாங்கியது இது. டென்ஸ் (தோல் வழியாக நரம்பை மின்சாரத்தால் தூண்டி வலியை அமுக்குவது), இ.எம்.எஸ் (மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைப்பது) இரண்டும் உண்டு. மின்னோட்டம், அதிர்வெண் (விநாடிக்கு எத்தனை மின்துடிப்பு), துடிப்பின் அகலம் (ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீள்கிறது) மூன்றையும் தனித்தனியே மாற்றலாம், அதற்காகவே தாராளமாக வாங்கலாம். பல கருவிகளில் 'மசாஜ்', 'தட்டல்' என்று பொத்தான்கள்தான் இருக்கும், உடம்புக்குள் என்ன போகிறது என்றே தெரியாது.

ஒரு நரம்பு இழையைக் கிளப்ப, மின்னோட்டம் எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் எத்தனை நேரம் கொடுத்தாலும் இழை அசையாது. எல்லையைத் தாண்டிவிட்டால் இழையில் நரம்புச் செய்தி முழுதாகக் கிளம்பிவிடும், அரைகுறை என்பதே கிடையாது. தடித்த தொடுவுணர்வு இழைகள் முதலில் கிளம்பும், அப்புறம் தசையை இயக்கும் இழைகள், மெல்லிய வலி இழைகள் கடைசியில். துடிப்பு குறுகலாக இருந்தால் இந்த மூன்றுக்கும் இடையே உள்ள இடைவெளி நன்றாக விரியும். அதனால் தோளில் 100 ஹெர்ட்ஸ், 80 மைக்ரோவிநாடி வைத்து மின்னோட்டத்தை ஒவ்வொரு படியாக ஏற்றுகிறேன்: முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு லேசான குறுகுறுப்பு, அது அழுத்தமாகி, பேட்டுக்கு (தோலில் ஒட்டும் மின்முனை) அடியில் தசை வெடவெடக்கத் தொடங்கியதும் ஒரு படி இறக்கிவிடுவேன். அந்தக் குறுகுறுப்பு இருக்கும்வரை வலி நன்றாக அமுங்குகிறது. தொடுவுணர்வு வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மறிக்கிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965-இல் சொன்ன கருத்திலிருந்துதான் இந்தச் சிகிச்சையே வளர்ந்தது.

தொடைக்கு 300 மைக்ரோவிநாடி. 2 ஹெர்ட்ஸில் தசை தனித்தனியாகத் துள்ளும், 35-க்கு ஏற்றினால் துள்ளல்கள் ஒன்றோடொன்று கலந்து தொடை மரக்கட்டை போல இறுகும், முழங்கால் சில்லு மேலே இழுபடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாமாகத் தசையை இறுக்கும்போது மூளை இழைகளை மாற்றி மாற்றி வேலை வாங்கும். கருவியோ அதே இழைகளையே ஒரே நேரத்தில் விரட்டுகிறது, அதனால் சீக்கிரம் களைத்துவிடும். 10 விநாடி இறுக்கம், 30 விநாடி ஓய்வு என்று அமைத்துக்கொள்ள இதில் வசதி இருப்பது பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. கூடவே வரும் பேட்டுகளின் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, மீதி ஈரம் உள்ள சின்ன இடத்தில் மின்னோட்டம் மொத்தமும் குவிந்து சுருக்கென்று குத்தும், ஆகவே நல்ல பேட் தனியாக வாங்கிவிடுங்கள். கையேட்டில் எந்த முடக்கத்துக்கும் உதவும் என்று போட்டிருப்பது தவறு. நரம்பே அறுந்துபோன தசையை நேரடியாகச் சுருக்க, பல மில்லிவிநாடி நீளும் துடிப்பு வேண்டும், இந்தக் கருவியால் அது முடியவே முடியாது.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கழுத்தின் முன்பக்கத்திலோ மார்புக்குக் குறுக்கேயோ யாரும் பேட்டை ஒட்டக் கூடாது. இதைப் போய்க் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், முதல் பக்கத்திலேயே பெரிதாக அச்சடித்திருக்க வேண்டும்.