பெங்களூர் ரோட்டில் லெவல் 2 அடாஸ்: பிரேக்குக்குக் காசு கொடுக்கலாம், மற்றதுக்கு யோசிக்கணும்

இது காரைப் பற்றிய விமர்சனம் இல்லை, அதற்குள் இருக்கும் அடாஸை, அதாவது கேமராவும் ரேடாரும் வைத்து ஓட்டுகிறவருக்கு உதவும் ஏற்பாட்டைப் பற்றியது. என்னுடையது பதினைந்து லட்சத்தைத் தாண்டிய ஒரு காம்பேக்ட் எஸ்யூவி, டாப் வேரியண்ட். முன் கண்ணாடியில் ஒரு கேமரா, பம்பரில் ஒரு ரேடார். இந்த விலையில் வரும் பல வண்டிகளில் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் என்பதால் கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன்.

ராமமூர்த்தி நகரில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் இதைப் பார்ப்பவர்கள் எல்லாம் "தானா ஓடுற வண்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. வண்டி எவ்வளவு தூரம் தானாக ஓடும் என்பதை வாகன இன்ஜினியர்களின் எஸ்ஏஇ அமைப்பு 0 முதல் 5 வரை பிரித்து வைத்திருப்பதில் இது லெவல் 2. ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர், பிரேக் மூன்றிலும் வண்டி உதவும், ஆனால் ரோட்டைப் பார்ப்பது முழுக்க உங்கள் வேலை, இடித்தால் பொறுப்பும் உங்களுடையதுதான். விற்கிறவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை, அது எனக்குக் கோபம்.

சரி, ஊருக்குள் எப்படி? ரோட்டுக் கோட்டுக்குள் வண்டியை வைக்க ஸ்டியரிங்கைத் திருப்பும் லேன் அசிஸ்ட்டை நான் நிறுத்தியே வைத்திருக்கிறேன். கே.ஆர். புரத்திலிருந்து டின் ஃபேக்டரி வரை ரோட்டில் கோடு பாதி இடத்தில் இல்லை, இருக்கும் இடத்தில் பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்தே கிடக்கின்றன, பள்ளத்துக்கு ஒதுங்கினால் வண்டி நம்மைத் திரும்ப அந்தப் பள்ளத்துப் பக்கமே தள்ளப் பார்க்கிறது. என் மனைவிக்கு அது பக்கத்து சீட்டிலிருந்து யாரோ ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பது போல இருந்ததாம், அதோடு அவர் அதைத் தொடவே இல்லை. முன்னால் போகும் வண்டிக்கேற்பத் தானாக வேகம் கூட்டிக் குறைக்கும் குரூஸும் இங்கே கஷ்டம்தான். எவ்வளவு குறைந்த இடைவெளி வைத்தாலும் அதற்குள் ஒரு பைக் நுழையும், வண்டி பிரேக் போடும், அடுத்து ஒரு ஆட்டோ நுழையும், மறுபடியும் பிரேக். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பதில் தப்பே இல்லை.

ஆனால் தானாகப் போடும் அவசர பிரேக் வேறு விஷயம். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஓசூர் ரோட்டில் ஒரு சாயங்காலம், சர்வீஸ் ரோட்டிலிருந்து எதிர்த்திசையில் ஒரு பைக், லைட் இல்லாமல். நான் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில் வண்டி சத்தம் போட்டு, நான் காலை எடுத்து வைப்பதற்குள் பிரேக்கை அழுத்திவிட்டது. அந்தப் பையன் அடிபடாமல் போய்விட்டான். எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. நாட்டில் 2022-ல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 44 சதவீதத்துக்கு மேல் டூவீலரில் போனவர்கள். இந்த ஒரு வசதிக்காக மட்டுமே அடாஸ் வாங்கலாம் என்று சொல்வேன்.

நெடுஞ்சாலையில் கதை மாறுகிறது. சேலத்துக்கு அப்பாவைப் பார்க்கப் போகும்போது ஓசூர் தாண்டியதும் குரூஸைப் போட்டுவிடுவேன், கிருஷ்ணகிரி வரை கோடு தெளிவாக இருக்கும், முழங்கால் வலி இல்லாமல் இறங்குகிறேன். தொப்பூர் கணவாய் வருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். அந்த இறக்கத்தில் வளைவு, பாரம் ஏற்றிய லாரி, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள், இதையெல்லாம் மனிதக் கண்தான் முன்கூட்டியே ஊகிக்கும். பெருமழையிலும் நம்பாதீர்கள், கேமரா மறைந்துவிட்டது என்று ஒரு செய்தி காட்டிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும்.

அப்புறம், டிரைவரே இல்லாத கார் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு. ஃபீனிக்ஸிலும் சான்ஃபிரான்சிஸ்கோவிலும் கூகுள் குழுமத்தின் வேமோ டாக்ஸி டிரைவர் சீட் காலியாகவே ஓடுகிறது, உண்மைதான். ஆனால் அந்த ஊர்த் தெருக்களை முன்கூட்டியே நுணுக்கமாக மேப் எடுத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். நேற்றிருந்த யூடர்ன் இன்றில்லாத, ராத்திரியோடு ராத்திரியாகக் குழி தோண்டும் பெங்களூரில் அந்த மேப் எத்தனை நாள் தாங்கும்? கம்ப்யூட்டருக்கு ரோட்டை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க ஹைதராபாத் ஐஐஐடி கல்வி நிறுவனம் 2018-ல் வெளியிட்ட இந்தியச் சாலைப் படத்தொகுப்புக்கு ஹைதராபாத்திலும் பெங்களூரிலும்தான் படம் எடுத்தார்கள், அதில் ஆட்டோவுக்குத் தனி வகை உண்டு, ரோட்டை ஒட்டி வண்டி ஏறக்கூடிய மண் தரைக்கும் தனி வகை உண்டு. நம் ரோட்டின் ஓரம் எங்கே முடிகிறது என்பதே கம்ப்யூட்டருக்குப் பெரிய கேள்வி. இந்த ஊரிலேயே மைனஸ் ஜீரோ என்ற கம்பெனி 2023-ல் ஸ்டியரிங் இல்லாத வண்டியைக் காட்டியது, அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சராகக் கட்கரி, டிரைவர்களின் வேலை போகும் என்பதால் டிரைவர் இல்லாத காரை அனுமதிக்கமாட்டேன் என்று 2017-லும் சொன்னார், 2023-லும் சொன்னார். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இங்கே வந்து கேப் ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்களைத் தெரிந்தவன் என்ற முறையில் அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது.

இப்போது என் முக்கியமான குறை. உயிர் காக்கும் அந்த பிரேக் எனக்குத் தனியாகக் கிடைக்கவில்லை. சன்ரூஃப், காற்று வரும் சீட், பெரிய அலாய் வீல் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால்தான் உண்டு, கீழ் வேரியண்ட்டுக்கும் இதற்கும் லட்சத்துக்கு மேல் வித்தியாசம். நம்மிடம் கார் என்றால் தெருவில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது ஊறிப்போயிருக்கிறது, அதைத்தான் விற்கிறார்கள். கார்களை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியபோது வந்த விதியிலும் நல்ல நட்சத்திரம் வாங்க இஎஸ்சி (வண்டி சறுக்காமல் பிடிக்கும் வசதி) வேண்டும், தானியங்கி பிரேக் தேவையில்லை. 2024 டிசம்பரில் ஹோண்டா புது அமேஸ் காரில் பத்து லட்சத்துக்குள் அடாஸ் கொடுத்தது, அதுவும் டாப் வேரியண்ட்தான் என்றாலும் அந்த விலைக்குக் கொண்டுவர முடியும் என்பதைக் காட்டிவிட்டார்கள்.

வாங்கப் போகிறவர்கள் ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், ஓசூர் ரோடு வரை கொண்டுபோகக் கேளுங்கள். லேன் அசிஸ்ட்டை நிறுத்தினால் அவசர பிரேக்கும் சேர்ந்து நின்றுவிடுகிறதா, வண்டியை அணைத்துப் போட்டால் செட்டிங் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். முன் கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப கேலிப்ரேட் செய்யணும், அதற்குத் தனிச் செலவு. உங்கள் இன்ஷூரன்ஸ் அதைத் தருமா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.