குழந்தையின் சிறுநீரகக் கட்டி: சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

எங்கள் மூன்று வயது மகளுக்கு வலது சிறுநீரகத்தில் கட்டி என்று தெரிந்ததும், வேலூரில் மருத்துவர் எங்களிடம் கேட்டது இதைத்தான்: வயிற்றுக்கு சி.டி. எடுக்கலாமா, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? எதை எடுத்தாலும் சிகிச்சையைத் திட்டமிட முடியும் என்று விளக்கிவிட்டு, முடிவை எங்களிடம் விட்டார். நாங்கள் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கமிருந்து இதே கேள்வியோடு வந்து நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

வில்ம்ஸ் கட்டி என்பது நோயின் பெயர்; குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய். 1899இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மன் அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயரே நிலைத்துவிட்டது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிறது. கட்டி சிறுநீரகத்தில்தான் இருக்கிறது என்பதை முதல் அல்ட்ராசவுண்டே காட்டிவிடும். மறு சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, கட்டி பெரிய இரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, நிணநீர்க் கணுக்களின் நிலை என்ன என்பதெல்லாம் தெரியத்தான் அடுத்த ஸ்கேன்.

சி.டி.யின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சில நொடிகளில் முடிகிறது, செலவு குறைவு, பல குழந்தைகளுக்கு மயக்க மருந்தே வேண்டியதில்லை. இந்தக் கட்டி பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். அங்கே சிறு புள்ளியையும் காட்டுவதில் சி.டி.க்கு இணை இல்லை. எங்கள் மகளுக்கும் நெஞ்சுக்கு சி.டி.தான் எடுத்தோம்.

வயிற்றுக்கு எம்.ஆர்.ஐ. என்று நாங்கள் முடிவு செய்ததற்கு ஒரே காரணம், ஸ்கேன் ஒன்றோடு முடிவதில்லை. ஐரோப்பிய முறையில் முதலில் சில வாரங்கள் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகே அறுவை சிகிச்சை. மகளுக்கும் அந்த வழிதான். அப்படியானால் கீமோவுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று அதே வயிற்றைக் குறைந்தது இரண்டு முறை படம் எடுத்தாக வேண்டும். இரண்டும் ஒரே வகையாக இருந்தால்தான் கட்டி எவ்வளவு சுருங்கியது என்று சரியாக ஒப்பிட முடியும். முதலில் சி.டி. என்றால் அடுத்ததும் சி.டி.யாகத்தான் போகும். சி.டி. எக்ஸ்ரே கதிர்வீச்சால் எடுப்பது; எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர்வீச்சு இல்லை. நெஞ்சு சி.டி. தனி. சில குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சு சிகிச்சையும் சேரும்.

சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்ட 1,75,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. கதிர்வீச்சின் அளவு கூடக்கூட இரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் வரும் வாய்ப்பு கூடுவதை அது காட்டியது. தனியொரு குழந்தைக்கு அந்த ஆபத்து மிகச் சிறியது என்றும் சேர்த்தே சொன்னது. ஆகவே அவசரத்துக்கு சி.டி. வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தயங்கவே கூடாது. ஆனால் வசதியுள்ள நாடுகளில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும் நோய் இது. இன்னும் அறுபது எழுபது ஆண்டு வாழப்போகிற உடம்பு. தவிர்க்க முடிந்த கதிர்வீச்சைத் தவிர்ப்பதுதான் நியாயம் என்று எங்களுக்குப் பட்டது. 2016இல் வந்த ஐரோப்பிய சிகிச்சை நெறிமுறையும் வயிற்றுக்கு எம்.ஆர்.ஐ.க்கே முதலிடம் தருகிறது.

எம்.ஆர்.ஐ.யில் சிரமம் மயக்க மருந்துதான். அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும்; மூன்று வயதுக் குழந்தையால் அது முடியாது. ஆறு மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்தச் சொன்னார்கள், இரண்டு மணி நேரத்துக்கு முன்பு தண்ணீரையும். முன்னால் போன குழந்தைக்கு நேரம் இழுத்துவிட்டது. வேலூர் வெயிலில், ஊசி குத்திய கையைச் சிறு அட்டையோடு சேர்த்துக் கட்டியிருக்க, அவள் அம்மாவின் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்க மருத்துவர் வந்து, பாப்பா கடைசியாக என்ன குடித்தாள், எத்தனை மணிக்கு என்று எங்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். அந்தக் கவனத்தைப் பார்த்த பிறகுதான் மனைவிக்குத் தைரியம் வந்தது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் இப்போது பல ஊர்களில் இருக்கிறது. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கிறாரா என்பதை முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அங்கே சி.டி. எடுப்பதே மேல்.

அறுவை முடிந்த பிறகான கண்காணிப்புக்கு இரண்டுமே வேண்டியிருக்கவில்லை. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுக்கு அல்ட்ராசவுண்டும் நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் எடுக்கிறோம். நோய் திரும்பியதை சி.டி. கண்டுபிடித்தாலும் இவை கண்டுபிடித்தாலும் குழந்தைகள் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக் குழு 2018இல் வெளியிட்டது. சி.டி.யே எடுத்துவிடலாமே என்று உறவினர்கள் சொல்லும்போது நான் சொல்லும் பதில் இதுதான்.

என் மகளுக்குக் கட்டி ஒரு பக்கம் மட்டும்தான். இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி இருந்தால் கணக்கே வேறு. சிறுநீரகத்தில் எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்பதே அங்கே கேள்வி. கட்டியாக மாறக்கூடிய கருநிலைத் திசுக்களை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும் என்பார்கள். அந்த அனுபவம் எனக்கு இல்லை. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் தங்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்பதே சரி.

அல்ட்ராசவுண்டில் எல்லாம் பார்ப்பவரின் கையைப் பொறுத்தது. முடிந்தவரை ஒரே இடத்தில், குழந்தைகளைப் பார்த்துப் பழகியவரிடமே எடுங்கள். பழைய அறிக்கைகளையும் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் ஒவ்வொரு முறையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.